நந்தா விளக்கும் நிழல்தரு மரமும்

(திருமயிலையில் நடைபெற்ற கும்பாபிஷேக விழாவின் நிறைவு நாட் சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



யாகசாலைப் பூசைகள் இனிது நிறைவுற்றன. கலசநீர் விமானத்தின்மேற் சொரியப்பெற்றது. கல்லும் சுதையும் புதுமை பெற்று விளங்கும் இந்நன்னாளில் திருக்கோயிலைப் பற்றிப் பேசுமாறு குழுவினர் என்னைப் பணித்தனர். யானோ, கோயில் வாயிலுக்கு வெளியே உள்ள தெருக்களைப் பற்றியும், அத்தெருக்களில் நிற்கவேண்டிய மரங்களைப் பற்றியும் பேச எண்ணுகின்றேன். இது கும்பாபிஷேக மேடைக்கு ஏற்ற பொருள்தானா என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். ஏற்ற பொருளே என்பதை முதற்கண் காட்டிப் பின்னர் என் விண்ணப்பத்தை உங்கள்முன் வைப்பேன்.

கோயில் முந்தியதா, மரம் முந்தியதா என்று வினவினால், நம் புராணங்கள் மரமே முந்தியது என்று விடை கூறுகின்றன. திருவானைக்காவில் எம்பெருமான் முதலில் எழுந்தருளியிருந்தது கருங்கற் கருவறையில் அன்று. வெண்ணாவல் மரத்தின் நிழலில். கோச்செங்கட் சோழர் திருக்கோயில் எடுத்தது அதற்கு நெடுங்காலம் பின்னர். தில்லை என்னும் மரம் செறிந்த வனமே தில்லை ஆயிற்று. கடம்பவனமே மதுரை ஆயிற்று. நம் சென்னைக்கு அணித்தாக உள்ள தலங்களையே நோக்குங்கள். திருவேற்காடு, திருவாலங்காடு என்னும் பெயர்களிலேயே மரமும் காடும் நிற்கின்றன. திருவான்மியூருக்கு வன்னி; திருவொற்றியூருக்கு மகிழம். அவ்வொற்றியூர் மகிழின் கீழன்றோ நம்பியாரூரர் சங்கிலியார்க்குச் சபதம் செய்து கொடுத்தார்! இறைவனே அம்மரத்தடியில் எழுந்தருளியிருந்து அச்சபதத்துக்குச் சான்றாயினான் என்று பெரிய புராணம் பேசுகின்றது.

நம் மயிலைக்குத் தலமரம் புன்னை. சிவநேசச் செட்டியாரின் திருமகளார் பூம்பாவையாரை எலும்பிலிருந்து எழுப்பியருளிய திருஞானசம்பந்தப் பெருமானின் திருப்பதிகம், மயிலையின் திருவிழாக்களை ஒவ்வொன்றாக எடுத்துரைப்பது. அப்பதிகம் புன்னை நிறைந்த கானற்சோலையைச் சொல்லித்தான் தொடங்குகின்றது என்பதை நாம் மறத்தலாகாது. விழாவைக் கூறவந்த பெருமான் முதலில் மரத்தைக் கூறினார். இன்றைய மயிலையிலோ விழாக்கள் குறைவற நிகழ்கின்றன; புன்னையைத்தான் தேடிக் காணவேண்டியிருக்கின்றது.

புன்னையைப் பற்றிச் சங்க நூலாகிய நற்றிணையில் ஒரு செய்தி உண்டு. 172-ஆம் பாட்டு அது. சிறுமியொருத்தி தோழியரோடு விளையாடும்போது மணலிற் புன்னை விதையை அழுத்தி மறந்துவிடுகின்றாள். அது முளைத்தெழவே, பாலும் நெய்யும் பெய்து வளர்க்கின்றாள். நின்னிலும் இது சிறந்தது, இது நினக்குத் தங்கை முறையாகும் என்கின்றாள் தாய். பின்னாளில் அம்மரநிழலில் நின்று தலைவனோடு பேசவும் நாணம் வந்துவிடுகின்றது, தங்கை கேட்டுக்கொண்டிருக்கின்றாளே! ஒரு குடும்பம் தான் வளர்த்த மரத்தைத் தன் மக்களுள் ஒன்றாக எண்ணிய நாடு இது.

இனித் தெருவுக்கு வருவோம். ஆண்டு முழுவதும் நாம் இறைவனைக் காணக் கோயிலுக்குச் செல்கின்றோம். திருவிழா நாளில் இறைவன் நம்மைக் காணத் தெருவுக்கு எழுந்தருளுகின்றான். நடக்க இயலாத முதியோர்க்கும், நோயுற்றோர்க்கும், வாயிலில் அமர்ந்து பூத்தொடுக்கும் ஏழைக்கும் தரிசனம் கிட்டுவது அன்றுதான். ஆகவே இறைவன் உலாவரும் தெருவும் கோயிலின் ஒரு பிராகாரமே.

பங்குனிப் பெருவிழாவில் எட்டாம் நாள் பிற்பகல், அறுபத்து மூவர் விழாவுக்கு மாடவீதிகளில் திரளும் அடியார் கூட்டத்தை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அவருட் பலர் வெறுங்காலுடன் நிற்பவர். கைக்குழந்தையுடன் வருவோர் உளர். எண்பதைக் கடந்தோர் உளர். பங்குனி வெயிலில் தார்ச்சாலை எவ்வாறு கொதிக்கும் என்பதை அவர்களுடைய உள்ளங்காலைக் கேட்டால் தெரியும். நீங்கள் தண்ணீர்ப் பந்தலும் நீர்மோர்ப் பந்தலும் அமைக்கின்றீர்கள், அது பெரும்புண்ணியம். ஆயினும் பந்தல் பத்து நாளில் பிரிக்கப்படும். மரம் என்பது பிரிக்கப்படாத பந்தல்.

விழா நாள் மட்டுமா? நாள்தோறும் இத்தெருக்களில் தேங்காயும் வெற்றிலையும் விற்போர், கீரைக்கூடையுடன் அமர்ந்திருப்போர், பள்ளியிலிருந்து திரும்பும் சிறார் ஆகிய எல்லோரும் வெயிலைத் தலையில் தாங்குகின்றனர். ஒரு தலைமுறைக்கு முன்னர் வீட்டுக்கு ஒரு திண்ணை இருந்தது. கொல்லையில் தென்னையும் மாவும் இருந்தன. இன்று கொல்லை இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கின்றது. தாரும் காங்கிரீட்டும் பகல் முழுதும் வெயிலை உண்டு, இரவு முழுதும் வெப்பத்தை உமிழ்கின்றன. கடல் மிக அணித்தாக இருந்தும், காற்று நெருங்கிய சுவர்களில் மோதித் தடைப்படுகின்றது. மரமோ நிழலைத் தருவதோடு நில்லாது, வேர் உறிஞ்சிய நீரை இலைவழியே ஆவியாக்கித் தன்னைச் சூழ்ந்த காற்றையும் குளிர்விக்கின்றது. பெருமழை பொழியுங்கால் துளிகளின் வேகத்தை இலைகள் தணிக்கின்றன. வேர் பரவி நெகிழ்ந்த மண் நீரை உள்வாங்குகின்றது. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த இந்நகரம், 2019-ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு குடத்துடன் வரிசையில் நின்றது. வந்த நீரை மண்ணுக்குள் அனுப்ப வழியில்லாமல் தெருவை முழுதும் மூடிவிட்டோம் என்பது அதன் காரணங்களுள் ஒன்று.

இதெல்லாம் மாநகராட்சியின் வேலை அன்றோ, சைவர்க்கு இதில் என்ன கடன் என்று கேட்பார் உளர். நம் சாத்திரங்கள் நல்வினையைப் பசுபுண்ணியம் என்றும் சிவபுண்ணியம் என்றும் இருவகையாகப் பகுக்கும். தன் பயன் கருதிச் செய்யும் அறம் பசுபுண்ணியம். சிவனையும் சிவனடியாரையும் நினைந்து செய்யும் அறம் சிவபுண்ணியம். செயல் ஒன்றே; நினைவினால் வேறாகின்றது. என் வாகனத்துக்கு நிழல் வேண்டும் என்று மரம் நட்டால் அது ஒரு கணக்கு. பெருமான் உலாவரும் தெருவில் அடியார் கால் சுடாதிருக்க என்று நட்டால் அது மற்றொரு கணக்கு.

மேலும், சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளில் முதற்படியாகிய சரியையில், திருக்கோயில் அலகிடுதலும் மெழுகுதலும் போலவே நந்தவனம் வைத்தலும் ஒரு தொண்டாகக் கூறப்பெற்றுள்ளது. திருப்புகலூர் முருக நாயனார் வைகறையில் எழுந்து நீராடிக் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலரும் கொய்து தொண்டு செய்தார். கோட்டுப்பூ என்பது மரக்கிளையிற் பூப்பது. இன்று நம் கோயில்களுக்குப் பூ சந்தையிலிருந்து வண்டியில் வருகின்றது. நெருக்கமான நகரில் நந்தவனத்துக்கு நிலம் ஏது? எஞ்சியிருக்கும் நிலம் தெருவோரந்தான். நம் காலத்து நந்தவனத்தை அங்குத்தான் வைத்தல் வேண்டும். திருநாவுக்கரசர் உழவாரப்படை ஏந்தித் திருமுற்றங்களைச் செம்மை செய்தார். அவர் திருப்பெயரால் திங்களூரில் அப்பூதியடிகள் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். வழிநடப்போர் களைப்பை ஆற்றுதல் சைவர்க்குப் புதிய கடன் அன்று.

பெரியோர்களே, இப்பொழுது யான் சொல்லவந்த முதன்மைச் செய்திக்கு வருகின்றேன்.

மரம் நடுவிழாக்கள் இந்நாட்டில் குறைவாக இல்லை. வனமகோத்சவம் 1950-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அது முதல் ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் கன்று நடுகின்றோம். குழி தோண்டப்படுகின்றது; பெரியவர் ஒருவர் கன்றைத் தொட்டு வைக்கின்றார்; கைதட்டுகின்றோம். அடுத்த கோடையில் அவ்விடத்திற் சென்று பார்த்தால், இரும்புக் கூண்டு நிற்கும், கூண்டின்மேல் நன்கொடையாளர் பெயர் நிற்கும், கன்று மட்டும் இராது. பெயரைக் காக்க ஒரு கூண்டு வைத்ததுபோல் முடிகின்றது.

நம் முன்னோர் இவ்வாறு கொடுத்தாரில்லை. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களைப் படியுங்கள். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிக்க விரும்பியவர் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. 90 ஆடுகள், அல்லது 96 ஆடுகள் கொடுத்தனர். அவ்வாடுகளை ஓர் இடையர் ஏற்றுக்கொள்வார். ஏற்றவர் நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கவேண்டும். ஆடு இறந்தால் குட்டி அதன் இடத்தை நிரப்பும், எண்ணிக்கை குறையலாகாது. அதனால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். சந்திரனும் சூரியனும் உள்ளவரை விளக்கு எரியவேண்டும் என்பது ஏற்பாடு. நந்தவனம் வைத்தவரும் அவ்வாறே. அதனைப் பேணுவதற்கென்று நந்தவனப்புறம் என நிலம் விட்டனர். அவர்கள் கொடையின் உயிர் விளக்கில் இல்லை, நெய்யில் இருந்தது. நாம் கன்றைக் கொடுக்கின்றோம். நெய்யைக் கொடுக்க மறந்துவிடுகின்றோம். நீரின்றிக் கொடுத்த கன்று நெய்யின்றிக் கொடுத்த விளக்கு.

இங்கு ஒரு கோபுரத்தையும் ஒரு கன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கோபுரத் திருப்பணி முடிந்த நாளில் புரவலரின் கடன் பெரும்பாலும் முடிகின்றது. கன்று நட்ட நாளில் புரவலரின் கடன் அப்பொழுதுதான் தொடங்குகின்றது. முதல் மூன்று கோடைகளை அது கடந்துவிட்டால், பின்னர் அது தன்னைத் தானே காத்துக்கொண்டு நம் பேரர்களையும் காக்கும். அம்மூன்று கோடைகளே நம்மைக் கேட்கும் தொண்டு.

ஆகவே என் விண்ணப்பம் இது. திருக்கோயிலில் உச்சிக்காலக் கட்டளை, அன்னக் கட்டளை என்று கட்டளைகள் இருப்பதுபோல், இக்கும்பாபிஷேக நினைவாக நீர்க்கட்டளை ஒன்று நிறுவுவோம். ஒரு குடும்பம் ஒரு மரம். மூன்று ஆண்டு. கன்று எந்த வீட்டின் எதிரே நிற்கின்றதோ அவ்வீட்டாரோ, அருகிலுள்ள கடைக்காரரோ பொறுப்பேற்க வேண்டும். கோயில் அலுவலகத்தில் ஒரு பேரேடு இருக்கட்டும். பிரதோஷ நாள்தோறும் தொண்டர் இருவர் தெருக்களைச் சுற்றி வந்து ஒவ்வொரு கன்றின் நிலையையும் அதில் எழுதட்டும். வாடியது எது, பட்டது எது என்று மறைக்காமல் எழுதவேண்டும். பட்டுப்போன இடத்தில் பேராட்டின் குட்டிபோல மறுகன்று வரவேண்டும்; எண்ணிக்கை குறையலாகாது. கொடையாளர் பெயர்ப்பலகையை மூன்றாண்டு நிறைந்த பின்னர் வைத்தால் போதும். அப்பொழுது பெயருக்கும் நிழல் கிடைக்கும்.

இதற்குச் செல்வம் பெரிதாக வேண்டுவதில்லை. விமானத்துக்குப் பொன் கொடுக்க எல்லோர்க்கும் இயலாது. இரண்டு குடம் நீர் கொடுக்க வாடகைக் குடியிருப்போர்க்கும் இயலும். அரிசி களைந்த நீரும் காய்கறி அலம்பிய நீரும் கன்றுக்கு உணவே. நம் மயிலையில் அவதரித்த வாயிலார் நாயனார் மனத்தினுள்ளே கோயில் எடுத்து, மனத்தினுள்ளே திருமஞ்சனம் ஆட்டி வழிபட்டு முத்தி பெற்றார். ஆனால் அன்பர்களே, கன்றுக்கு மானத நீர் போதாது. குழாய் நீரே வேண்டும்!

நடும் முறையைப் பற்றியும் சில சொல்லவேண்டும். ஜூலைத் திங்கள் தென்மேற்குப் பருவமழை பெய்யும் நாடுகளுக்கு ஏற்றது. சென்னைக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. ஆகவே நாம் புரட்டாசியில் நட்டால் முதல் சில திங்கள் வானமே நம் கட்டளையைப் பகிர்ந்துகொள்ளும். தோண்டுமுன் மாநகராட்சியின் ஒப்புதல் பெறவேண்டும். மின்கம்பியும் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் எங்கே செல்கின்றன என்று அறிந்த பின்னரே மண்வெட்டியை எடுக்கவேண்டும். குழி மூன்றடி நீளம், அகலம், ஆழம் இருத்தல் நன்று. கட்டிட இடிபாட்டை அகற்றி நல்ல மண்ணும் எருவும் இடுக. கன்று ஆளுயரத்துக்கு மேற்பட்டதாக இருந்தால் ஆடும் மாடும் எளிதில் மேயா.

மரத்தின் அடியில் சிமெண்டு பூசுதல் மிகப் பெரிய தீங்கு. தெரு தூய்மையாக இருக்கும் என்று எண்ணித் தண்டை ஒட்டிப் பூசிவிடுகின்றனர். அது உயிருள்ள ஒன்றின் வாயை அடைப்பது ஆகும். 2013-ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லி நகரத்து மரங்களின் அடியில் ஒரு மீட்டர் அளவுக்குக் காங்கிரீட்டை நீக்குமாறு ஆணையிட்டது. தில்லிக்கு நீதியானது மயிலைக்கும் நீதியே.

எந்த மரம் நடுவது? ஆலும் அரசும் தெய்வ மரங்கள்; குளக்கரையிலும் பரந்த வெளியிலும் அவை தெய்வமாகவே நிற்கும். ஆயினும் இத்திருப்பணியின் தொடக்கத்தில் விமானத்திலும் மதிலிலும் கிளைத்திருந்த அரசங்கன்றுகளை வேரோடு களைந்த தொண்டர்கள் இங்கே அமர்ந்திருக்கின்றனர். அவ்வேர் சுதையை எவ்வாறு பிளந்திருந்தது என்பதை அவர்கள் கூறுவார்கள். குறுகிய தெருவில் ஒட்டு வீட்டின் அடித்தளத்தையும் அது அவ்வாறே செய்யும். இடமறிந்து நடுதலே அன்பு. இடம் சிறிது அகன்ற தெருக்களில் புன்னை, புங்கம், வேம்பு, பூவரசு ஆகியவை ஏற்றவை. புன்னை கடற்காற்றின் உப்பைத் தாங்குவது. தழைத்த இலையால் அடர்ந்த நிழல் தருவது. அதன் கொட்டையிலிருந்து எடுத்த எண்ணெய் நம் முன்னோர் வீட்டில் விளக்கெரித்தது. மின்கம்பியின் கீழ் மந்தாரை போன்ற சிறுமரம் போதும். ஒடுங்கிய தெருவுக்கு மெல்ல வளரும் மகிழமும், பெருமான் சூடும் கொன்றையும் தகும். நெட்டிலிங்கம் அழகாக நிற்கும். ஆனால் தூணின் நிழல் எவ்வளவோ அவ்வளவுதான் அதன் நிழல்.

தேரோடும் வீதியில் மிகுந்த கவனம் வேண்டும். தேருக்கும் கோபுரம்போல் உயர்ந்த வாகனங்களுக்கும் தடையாகக் கிளை நீளலாகாது. அங்குக் கன்றுகளைத் தேர்வடத்துக்கு விலகி, ஓரத்தில், இடைவெளி விட்டு நட்டு, விழாவுக்கு முன்னர் முறையறிந்தவரைக் கொண்டு அளவாகக் கழித்துவிடலாம். மற்றச் சந்துகளிலும் குறுக்குத் தெருக்களிலும் அத்தடையும் இல்லை.

புயல் வந்தால் மரம் வீழாதோ என்று அஞ்சுவாரும் உளர். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் இந்நகரில் பல்லாயிரம் மரங்களைச் சாய்த்ததை நாம் கண்டோம். மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த செம்மயிற்கொன்றை போன்ற மென்மரங்கள் மிகுதியாக வீழ்ந்தன. வேர் பரப்ப மண்ணின்றிச் சிமெண்டுக்குள் நின்றவையும், குழாய் பதிக்க ஒருபுறம் வேர் வெட்டப்பட்டவையும் எவ்வாறு நிற்கும்? அப்புயல் நமக்குக் கற்பித்தது மரம் வேண்டா என்பதை அன்று. மண்ணுக்கு உரிய மரத்தை, வேருக்கு உரிய இடத்தில், கொப்புக்களை ஒழுங்காகப் பேணி வளர்க்கவேண்டும் என்பதையே.

இறுதியாக, வாயிற்படியில் சருகு விழுகின்றதே, யார் கூட்டுவது என்னும் குறை. பல மரங்கள் வெட்டுண்டது இக்குறையினாலேதான். இதற்கு விடை கூற யான் வேண்டுவதில்லை. திருவானைக்காவில் ஒரு சிலந்தி கூறியிருக்கின்றது. வெண்ணாவலின் சருகு பெருமான் திருமுடிமேல் விழுதலை அச்சிலந்தி கண்டது. மரத்தை வெட்டவேண்டும் என்று அது எண்ணவில்லை. தன் வாயிலிருந்து நூலிழைத்து விதானம் அமைத்தது. யானை அதனைச் சிதைக்க, மறுநாள் மீண்டும் இழைத்தது. சிதைக்குந்தோறும் இழைத்தது. அத்தொண்டின் பயனாக மறுபிறப்பிற் கோச்செங்கட் சோழராகிப் பெருங்கோயில்கள் எடுத்தது. சருகைத் தொண்டுக்கு வாய்ப்பாகக் கண்ட ஒரு சிற்றுயிர் அரசாயிற்று. துடைப்பம் எடுக்கும் நமக்கு அத்துணைப் பேறு கிட்டாவிடினும், அச்சருகை மரத்தடியிலேயே இட்டால் கன்றுக்கு எருவேனும் கிட்டும்.

அன்பர்களே, கும்பாபிஷேகம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்தல் நம் மரபு. அடுத்த கும்பாபிஷேகத்தில் நம்முள் சிலர் இங்கு இருப்போம். என் வயதினர் பலர் இரோம். இப்புரட்டாசியில் நட்டு, மூன்று கோடை நீர் வார்த்த கன்றுகள் அன்று இத்தெருக்களில் மரமாக நிற்கும். யாகசாலைக்கு வரும் அடியார்கள் அவற்றின் கீழ் ஒதுங்கி நிற்பார்கள், யார் நட்டது என்று அவர்களுக்குத் தெரியாது, தெரியவேண்டுவதும் இல்லை. பெருமான் வீதிவலம் எழுந்தருளுங்கால் புன்னைப் பூ ஒன்று திருமுடிமேல் உதிருமாயின், அது நம் குடத்து நீரின் அருச்சனை.

கூட்டம் கலையுமுன், நுழைவாயிலருகே உள்ள பேரேட்டில் நீர்க்கட்டளைக்கு உங்கள் வீட்டு எண்ணையும் தெருவையும் எழுதிச் செல்லுமாறு வேண்டுகின்றேன். எழுதுமுன் வீட்டிலுள்ள இளைஞரையும் சிறுவரையும் கேட்டு எழுதுங்கள். மூன்று கோடைகளும் குடம் தூக்கப்போகின்றவர்கள் அவர்களே.

திருச்சிற்றம்பலம்